அடிக்கட்டைகளின் வரைபடம்

முதுகலைப் படிப்பின் ஆய்வுக்காக நேபாளத்து மலைக்கிராமம் ஒன்றில் தங்கி, அந்த ஊர் மக்கள் காத்துவரும் காட்டைப் பற்றி ஆய்வேடு எழுதினேன். அதற்குள் ஒரு வரைபடம் இருக்கிறது. காட்டின் கீழ்ச்சரிவில் சிவப்புப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக விழுந்திருக்கும். அனுமதி இல்லாமல் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் அவை. யார் வெட்டியது, எதற்காக வெட்டியது என்று எனக்குத் தெரியும். வெட்டிய வீட்டுப் பெண்ணே என்னை நம்பிச் சொல்லியிருந்தார். அது தெரிந்தும் அந்த வரைபடத்தை ஊர் வனக்குழுவின் கையில் கொடுத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று இத்தனை வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். தெரிந்துதான் செய்தேன்.

இயற்கை வள மேலாண்மையும் பாதுகாப்பும் வெளிநாட்டில் படிக்கப் போகிறேன் என்றபோது, வீட்டில் எல்லோரும் ஐரோப்பாவையோ ஆஸ்திரேலியாவையோதான் மனதில் வைத்திருந்தார்கள். களப்பணிக்கு நான் கேட்டு வாங்கிக்கொண்டது நேபாளம். ஏழை நாட்டில் போய் என்ன படிக்கப் போகிறாய் என்று மாமா கேட்டார். காட்டைப் பொறுத்தவரை உலகமே அங்கே போய்ப் படிக்கிறது என்று சொன்னேன். அந்தப் பதிலில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை.

1957இல் நேபாள அரசு தனியார் காடுகளையெல்லாம் தேசியமயமாக்கியது. அதற்கு முன்பு பல மலையூர்களில் மக்களே காவலாள் வைத்துக் காட்டைப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு இவ்வளவு தானியம் என்று அளந்து காவலாளுக்குக் கூலி கொடுக்கும் அந்த ஏற்பாட்டுக்கு மானா-பாத்தி என்று பெயர். அரசு எடுத்துக்கொண்டதும் காடு யாருடையதும் இல்லை என்றாயிற்று. நம்முடையது இல்லை என்றான பிறகு யார் காப்பார்கள்? 1970களில் மலைகள் மொட்டையாகிக் கிடந்தன. 1976இல் எரிக் எக்ஹோம் எழுதிய 'லூசிங் கிரவுண்ட்' என்ற புத்தகம் அந்தச் சித்திரத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. மலை விவசாயி மரத்தை வெட்டுகிறான், மண் சரிகிறது, கீழே வங்கதேசம் வரைக்கும் வெள்ளத்தில் மூழ்குகிறது என்று ஒரு கோட்பாடு உருவாயிற்று. ஜாக் ஐவ்ஸும் புரூனோ மெஸ்ஸர்லியும் 1989இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். இமயமலை தானாகவே சரியும் இளம் மலை; எல்லாப் பழியையும் விறகு பொறுக்கும் பெண்ணின் தலையில் ஏற்ற முடியாது.

அரசும் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 1978இல் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்குக் காடு கொடுக்க விதிகள் வந்தன. 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், காட்டை உண்மையில் பயன்படுத்துகிறவர்களின் குழுவிடமே ஒப்படைத்தது. நிலம் அரசுடையது, விறகு, புல், மரம், அதில் வரும் வருமானம் எல்லாம் குழுவின் கையில். குழுவே செயல் திட்டம் எழுதி, வன அலுவலகத்தின் ஒப்புதலுடன் நடத்தும். இன்று அப்படி 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 1992இல் நாட்டின் பரப்பில் 26 விழுக்காடாக இருந்த காடு, 2016இல் 45 விழுக்காடு என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழை நாடு ஒன்று ஒரு தலைமுறைக்குள் இதைச் செய்து காட்டியது சின்ன விஷயம் இல்லை. வனத்துறையின் கையே ஓங்கியிருக்கும் கிராம வனக் குழுக்களை ஊரில் பார்த்து வளர்ந்த எனக்கு, வன அதிகாரி வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத நேபாளத்துக் குழுத் தலைவர்களைக் கண்டதும் பெரிய மரியாதை வந்தது. எலினார் ஆஸ்ட்ரமைப் படித்துவிட்டு வந்திருந்தேன். பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று சொன்னதற்காக 2009இல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் சொன்னதைக் கண்ணால் பார்க்கிறேன் என்ற நினைப்பிலேயே மலையேறினேன்.

என் தவறு அந்த மரியாதையிலிருந்துதான் முளைத்தது. வெற்றிக் கதையைப் பார்க்கப் போனேன். அதைக் கெடுக்கும் எதையும் பார்க்க எனக்கு மனமில்லை.

நான் தங்கிய ஊர் காவ்ரேபலாஞ்சோக் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்திலும் பக்கத்துச் சிந்துபால்சோக்கிலும் 1970களின் இறுதியிலிருந்து ஆஸ்திரேலிய உதவியுடன் மொட்டை மலைகளில் பைன் நட்டார்கள். கோட்டே சல்லா என்று அங்கே சொல்லும் அந்தப் பைன்தான் பாறை மண்ணிலும் பிழைத்தது. ஆனால் மாட்டுக்கு அதில் தீவனம் இல்லை. பைன் நிழலில் வருடங்கள் போகப்போகப் பழைய மரங்கள் தாமாகத் திரும்பின. சிலாவுனே, கட்டுஸ் என்று அகன்ற இலை மரங்கள். அவற்றின் தழை ஆட்டுக்கு, சருகு தொழுவத்துக்கு, கிளை அடுப்புக்கு. பெண்கள் முதுகில் டோக்கோ கூடையைப் போட்டு, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, குழு காட்டைத் திறந்துவிடும் நாட்களில் வரிசையாக ஏறுவார்கள். நானும் அவர்களோடு ஏறினேன். 20க்கு 25 மீட்டர் கட்டம் போட்டு, மார்பளவு உயரத்தில் டேப்பைச் சுற்றி, மரத்தின் பருமனை அளந்தேன். அந்த வேலை பிடித்திருந்தது. டேப்பின் எண்ணை உதவியாளரிடம் சத்தமாகச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்கும்போது, உலகத்தில் ஏதோ ஒன்றை நான் சரியாகச் செய்கிறேன் என்று தோன்றும்.

குழுத் தலைவரின் வீட்டில் தங்கியிருந்தேன். நல்ல மனிதர். காடு மொட்டையாக இருந்த காலத்தை நேரில் பார்த்தவர். இளவயதில் இரவுக் காவல் இருந்து கன்றுகளைக் காத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் மனைவி எனக்கு மகளுக்குப் போடுவதுபோலச் சோறு போட்டார். ஊரின் கீழ்க்கோடியில், காட்டின் விளிம்பை ஒட்டி, கொல்லர் வீடுகள் சில இருந்தன. காமி என்று சாதிப் பெயர். இப்போது விஸ்வகர்மா என்று எழுதுகிறார்கள். அவர்கள் கையால் தண்ணீர் வாங்கக் கூடாது என்பது பழைய நேபாளத்தின் சட்டமாகவே இருந்தது. 1963இல் அந்தச் சட்டம் போயிற்று. நான் போன காலத்தில், 2011இல், தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் வந்திருந்தது, தலைவர் வீட்டுச் சமையலறைக்குள் கொல்லர்கள் வரவில்லை. அரிவாளைத் தீட்டிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அது புதுக்காட்சி இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். ஊர் எங்கே முடிகிறது, காலனி எங்கே தொடங்குகிறது என்பதைப் பேருந்து ஜன்னலிலிருந்தே சொல்லிவிடுவேன். தூர நாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் கவனிக்காமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் வாரமே எனக்குப் புரிந்தது. விருந்தாளியாக இருக்கிறோம், தலைவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வு நடக்காது என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் கொல்லர் வீட்டில் டீ குடித்துவிட்டு வந்தேன். தலைவரின் மனைவி, அங்கே ஏதாவது குடித்தாயா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மழையில் நனைந்தாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மற்றதையெல்லாம் செய்ய முடிந்தவள் அன்றே தயாராகிவிட்டாள்.

அந்தக் கொல்லர் வீட்டுப் பெண்ணை நான் தீதி என்று கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். அவர் என்னைப் பைனி என்பார், தங்கை. பட்டறை வீட்டுக்குப் பக்கத்திலேயே, தகரக் கூரைக்குக் கீழே. தரையில் ஒரு குழி, அதுதான் உலை. தீதி துருத்தியை இயக்குவார், கணவர் இரும்பைக் காய்ச்சுவார். கரி கைப்பிடி கைப்பிடியாகத்தான் விழும். ஒரு துண்டு அதிகமாகப் போட்டாலும் தீதி கணவரை ஏறிட்டுப் பார்ப்பார். இரும்பு சிவந்து, ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் கொறடால் பிடித்து அடைகல்லில் வைத்து, அரிவாளின் வாயைத் தட்டி மெலிதாக்குவார். பிறகு தண்ணீரில் தோய்ப்பார், முழுவதும் இல்லை, வெட்டும் விளிம்பை மட்டும். ஊரில் எந்தப் பெண் காட்டுக்குப் புல்லறுக்கப் போனாலும் இடுப்பில் செருகியிருப்பது இங்கிருந்து வந்த அரிவாள்தான். வனக்குழு கிளை கழிக்கவும் மரங்களை இடைவெட்டு வெட்டவும் வைத்திருந்த கத்திகளும் இதே பட்டறையில் அடித்தவைதான்.

கூலி பணமாக இல்லை. ஒவ்வொரு வீடும் அறுவடையில் பாத்தி என்ற அளவையில் இத்தனை தானியம் என்று வருடத்துக்கு ஒருமுறை அளக்கும். நம் பக்கம் களத்துமேட்டில் கொல்லருக்கும் தச்சருக்கும் நெல் அளந்த வழக்கமேதான் அது. அந்த ஏற்பாட்டில் கரிக்கு விலை கிடையாது. கரி காட்டிலிருந்து வரும், யாரும் கேட்கமாட்டார்கள். பட்ட மரம், அடிக்கட்டை, முறிந்த கிளை இவற்றைக் குழியில் எரித்து, சரியான நேரத்தில் மண் மூடி அணைத்தால் கரி. எங்கள் ஊரில் சீமைக்கருவேலத்தை அடுக்கிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் தீதி விளக்கியது உடனே புரிந்தது.

காடு குழுவின் கைக்கு வந்ததும், முதல் செயல் திட்டத்திலேயே கரி சுடத் தடை வந்தது. காட்டைக் காப்பாற்றும் குழுக்கள் பலவும் முதலில் எழுதும் விதிகளில் அது ஒன்று. நெருப்பு பயம், மரம் போகும் பயம். நேபாளத்தின் மலை மாவட்டங்கள் பலவற்றில் கொல்லர்களுக்கு இதே கதி நேர்ந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் அதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். விறகுக்கு எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே அளவு. நிலமுள்ள வீட்டுக்கு வரப்போரம் சொந்த மரம் இருக்கிறது; அதற்குமேல் காட்டு விறகு. தீதிக்கு வரப்பே கிடையாது. அந்த அளவு அவர் அடுப்புக்கே போதாது, உலைக்கு எங்கிருந்து மிஞ்சும்? குழுக்களின் வருமானத்தில் 35 விழுக்காடு ஏழைகளுக்குப் போக வேண்டும், செயற்குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 வழிகாட்டு நெறிகள் சொல்லின. நல்ல விதிகள், மக்கள் போராடி வாங்கியவை. அந்த ஊரில் ஏழைகளின் பங்கில் கொல்லர் வீடுகளுக்கு ஆடு வாங்கக் கடன் கொடுத்திருந்தார்கள். காட்டுக்குள் ஆடு மேய்க்கத் தடை இருந்தது.

அதனால் இரவில் போனோம் என்றார் தீதி. துருத்திப் பிடியில் கையை வைத்துக்கொண்டே சொன்னார். கட்டுஸும் சிலாவுனேயும்தான் வெட்டுவோம், பைனைத் தொடமாட்டோம், இடுப்புப் பருமனுக்கு மேல் பெருத்த மரத்தைத் தொடமாட்டோம், ஒரே இடத்தில் திரும்ப வெட்டமாட்டோம். "எழுதிவிடாதே பைனி" என்றார். மாட்டேன் என்றேன். எழுதவும் இல்லை. அவர் பெயர் என் ஆய்வேட்டில் எங்கேயும் கிடையாது. பங்கேற்றவர்களின் அடையாளம் காக்கப்பட்டது என்று முதல் பக்கங்களில் ஒரு வாக்கியம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைப் படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டிருந்தேன்.

பெயரை எழுதவில்லை, இடத்தைக் குறித்தேன். கட்டங்களில் மரங்களோடு அடிக்கட்டைகளையும் அளப்பது முறை. வெட்டுமுகம் வெளுத்திருந்தால் புதியது, கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தால் பழையது. ஜிபிஎஸ் கருவியில் ஒவ்வொன்றாகப் பதிந்தேன். கீழ்ச்சரிவுக்கு வந்ததும் எண்ணிக்கை ஏறியது. அந்தச் சரிவுக்குக் கீழே இருக்கும் வீடுகள் கொல்லர் வீடுகள் மட்டுமே. உதவியாளர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த கட்டையின் விட்டத்தைச் சொன்னேன்.

களக்குறிப்பேட்டில் இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கட்டுஸும் சிலாவுனேயும் வெட்டினால் சாகாத மரங்கள். அடிக்கட்டையிலிருந்தே மறுதாம்பு தழைக்கும். பழைய கட்டைகள் பலவற்றில் கட்டைவிரல் பருமனுக்குத் துளிர்கள் நிமிர்ந்திருந்தன என்று பென்சிலில் குறித்திருக்கிறேன். தீதி சொன்ன விதிகள், இந்த அளவுக்குமேல் வெட்டக்கூடாது, திரும்ப அதே இடத்தில் கூடாது என்பவை, சுழற்சி முறையில் மறுதாம்பு எடுக்க வனவியல் பாடப்புத்தகம் சொல்லித்தரும் முறைக்கு மிகப் பக்கத்தில் இருந்தன. கீழ்ச்சரிவில் காடு அழியவில்லை. குட்டையாக, அடர்த்தியாக, வேறொரு உபயோகத்துக்கான காடாக இருந்தது. என் கையிலிருந்த தரவே அதைச் சொன்னது. ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு அதுதான் மையமாக இருந்திருக்க வேண்டும்: விதிக்கு வெளியே தள்ளப்பட்ட ஒரு குடும்பம் தனக்குத்தானே விதி வைத்துக் காட்டை நடத்திக்கொண்டிருந்தது. ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்கத் தேடியதே இந்த மாதிரி விஷயத்தைத்தான். நான் அந்தத் துளிர்களை அட்டவணையில் சேர்க்கவில்லை. 'சட்டவிரோத வெட்டு' என்ற தலைப்பில் கட்டைகளை மட்டும் சேர்த்தேன்.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேரம் இல்லை என்பது ஒரு பதில். களப்பணிக்கான நாட்கள் முடிகிற கணக்கு உண்மையிலேயே இருந்தது. துளிர்களைப் பற்றி அத்தியாயம் எழுதினால் தீதி மாட்டிக்கொள்வார் என்பது இன்னொன்று. அது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வரைபடத்தைக் கொடுத்த பிறகு அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. உண்மையான காரணம் எளிது. சமூக வனம் வெற்றி பெற்றது என்று ஆய்வேட்டின் முதல் வரைவிலேயே எழுதிவிட்டேன். தலைவரின் வீட்டுச் சோறு என் வயிற்றில் இருந்தது. துளிர்களையும் தீதியையும் உள்ளே விட்டால் எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும், தலைவர் முகத்தைப் பார்த்து அவர் காத்த காட்டின் விலையை யார் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. யாரும் என்னை எதையும் நீக்கச் சொல்லவில்லை. நானே நீக்கினேன்.

கிளம்புவதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு முடிவுகளை ஊராருக்குச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்கள் பலர் தரவை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், திருப்பிச் சொல்வதில்லை என்று அங்கே ஒரு குறை உண்டு. நான் அப்படிச் செய்யவில்லை என்று பெருமைப்பட்டேன். காடு அடர்ந்திருக்கிறது, மரங்கள் பருத்திருக்கின்றன என்றதும் கை தட்டினார்கள். செயற்குழுப் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்ச்சரிவில் மட்டும் காவலைக் கூட்ட வேண்டும் என்று வரைபடத்தைக் காட்டினேன். அந்தப் பரிந்துரையை யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆய்வு என்றால் பரிந்துரை வேண்டும் என்று நானாகச் சேர்த்தது. தலைவர் அச்சுப்பிரதியை வாங்கிக் கோப்பில் வைத்தார். கொல்லர் வீடுகளிலிருந்து கூட்டத்துக்கு யாரும் வந்திருக்கவில்லை. அவர்களுக்குச் சொல்லி அனுப்பியாயிற்றா என்றும் நான் கேட்கவில்லை.

பிறகு நடந்ததை உதவியாளர் தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தெரிந்துகொண்டேன். செயல் திட்டத்தைப் புதுப்பித்தபோது என் வரைபடத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். கீழ்ச்சரிவுக்குத் தனியாக ஒரு காவலாள். தீதியின் வீடு பிடிபட்டது; அபராதம், கத்தி பறிமுதல். கரி இல்லாமல் அரிவாள் நேரத்துக்கு வராததால் ஊர் வீடுகள் கடைத்தெருவில் தயார் அரிவாள் வாங்கத் தொடங்கின. வாங்கியவர்கள் தானியம் அளப்பதை நிறுத்தினார்கள். கணவர் கடன் வாங்கி மலேசியாவுக்குப் போனார். பட்டறையின் தகரத்தை ஆட்டுக்கொட்டகைக்கு எடுத்தார்கள். என் வரைபடம் இல்லாவிட்டாலும் இதெல்லாம் நடந்திருக்கலாம் என்று உதவியாளர் ஆறுதலாகச் சொன்னார். மலைமுழுக்க ஆண்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம்தான். ஆனால் அந்த வீட்டில் அது நடந்த வரிசையில் என் தாள் ஒன்று இருக்கிறது. அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அந்த ஆய்வேட்டைக் காட்டித்தான் முதல் வேலை கிடைத்தது. 2015 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்து காவ்ரேயிலும் சிந்துபால்சோக்கிலும் கல்லும் மண்ணுமாகக் கட்டிய வீடுகள் இடிந்தபோது பணம் அனுப்பினேன், குழுவின் கணக்குக்கு. தீதிக்குத் தனியாக அனுப்பத் தோன்றியது. என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் விட்டேன். சில வருடங்கள் கழித்து வேலை நிமித்தம் காட்மாண்டுவுக்குப் போனேன். பஸ் ஏறினால் அரைநாளில் ஊர். கூட்டம் முடிந்தும் கையில் நேரம் இருந்தது. போகவில்லை. விடுதி அறையில் உட்கார்ந்து மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினேன்.

இப்போது அந்த மலைகளில் நிலைமையே தலைகீழ். வெளிநாட்டுப் பணம் வருகிறது, எரிவாயு அடுப்பு வந்துவிட்டது, மேல்வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன, தழை வெட்ட ஆளும் இல்லை, தின்ன மாடும் இல்லை. காடு வெட்டுவாரில்லாமல் புதராகிறது. பைன் ஊசிச் சருகு முழங்கால் அளவுக்குக் கிடக்கிறது. சித்திரை வெயிலில் ஒரு பொறி போதும். 2021 வசந்தத்தில் நேபாளம் முழுக்கக் காட்டுத்தீ பரவி, புகையால் பள்ளிக்கூடங்களை நாடு முழுவதும் மூடினார்கள். பன்மாரா என்ற அந்நியப் புதர்ச்செடியை வெட்டிக் கரியாக்கி அடுப்புக்கட்டி செய்யப் பல மலையூர்களில் இப்போது பயிற்சி தருகிறார்கள். குழியில் எரித்து நேரம் பார்த்து மண் மூடும் அதே வேலை, சான்றிதழோடு. கரி சுடத் தெரிந்த குடும்பங்களை விரட்டிவிட்டு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கிறோம். 'விரட்டிவிட்டு' என்று எழுதும்போது அதற்குள் என்னையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

சமூக வனத்தின் மேல் எனக்கு இருந்த மதிப்பு போய்விடவில்லை. அந்தக் காடு இல்லாமல் அந்த ஊர் இல்லை. அதை மீட்டவர்களில் தலைவரும் உண்டு. வனத்துறை கையில் இருந்திருந்தால் தீதிக்கு இதைவிட மோசமாகவே நடந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். அதனால்தான் அந்தக் குழுவுக்கு உண்மை தேவைப்பட்டது. அவர்கள் விதியைத் திருத்தக்கூடியவர்கள். செயல் திட்டம் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதே அதற்காகத்தான். கட்டுஸ் மறுதாம்பு தழைக்கிறது, கீழ்ச்சரிவின் ஒரு பகுதியைக் கரிக்கென்று சுழற்சியில் ஒதுக்கலாம் என்று நான் அன்று சொல்லியிருந்தால் ஒரு விவாதமாவது நடந்திருக்கும். தலைவர் மறுத்திருக்கலாம், ஏற்றிருக்கவும் கூடும். இரவுக் காவல் இருந்த மனிதர், காட்டுக்கு எது நல்லது என்று காதுகொடுத்துக் கேட்கத் தெரிந்தவர். அவரிடமிருந்தும் அந்த வாய்ப்பைப் பறித்தேன். அவரை மதித்தேன் என்று சொல்லிக்கொண்டே, உண்மையைக் கேட்கத் தகுதியில்லாதவராக நடத்தினேன்.

சென்ற மாதம் உதவியாளரின் துணையோடு நேபாளியில் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த வரைபடம் பாதி உண்மை, துளிர்களின் குறிப்பை நான் மறைத்தேன், களக்குறிப்பேட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன், அடுத்த செயல் திட்டத்திலிருந்து வரைபடத்தை எடுத்துவிடுங்கள், கரிக்கு ஓர் இடம் ஒதுக்குவதைப் பற்றிக் கொல்லர் வீடுகளை உட்காரவைத்துப் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆய்வேடு இருக்கும் நூலகத்துக்கும் இதே விவரத்தை எழுதியிருக்கிறேன். குழுவிடமிருந்து இன்னும் பதில் இல்லை. உலை மறுபடி எரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தீதியின் மகன் காட்மாண்டுவில் வெல்டிங் வேலை பார்க்கிறானாம்.

தீதிக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை, அவருக்கு வாசிக்கத் தெரியாது. யாரையாவது வாசித்துக்காட்டச் சொன்னால் இரவில் மரம் வெட்டிய கதை மறுபடி இன்னொருவர் வாயில் போகும். நேரில்தான் சொல்ல வேண்டும். மழை நின்று, தசைன் பண்டிகை முடிந்ததும் வருவதாக உதவியாளரிடம் சொல்லியிருக்கிறேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். வீட்டுக்குள் வராதே என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கிறது.